தோடு கழற்றிய அரசியல்

அரசியலிலே கொடுமை புதிதன்று. முடிமன்னர் காலத்திலும் ஊர்கள் எரிந்தன, குடிகள் இடம்பெயர்ந்தனர். ஆனால் இக்கால அரசியலிலே கொடுமையோடு சிறுமையும் ஒட்டிக்கொண்டு வருகின்றது. கொடுமை ஒருவனுடைய ஊரைப் பறிக்கின்றது. சிறுமையோ, ஊரைப் பறித்த பின்னும் அவனுடைய மடியை அவிழ்த்துச் சோதிக்கின்றது. புத்தளத்துக் கரையோரத்தில் வாழும் எங்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க நூல்கள் வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தை நினைவூட்டினாற் போதும்.

அம்மாதத்தின் பிற்பகுதியிலே, வட மாகாணத்தில் வாழ்ந்த முஸ்லிம் மக்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த 70,000க்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள் வீடிழந்தனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30 ஆந் திகதி ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தது. இரண்டு மணி நேரத்துள் வெளியேறவேண்டும். கையிலே சிறுதொகைப் பணம் மட்டுமே கொண்டு செல்லலாம். இரண்டு மணி நேரமென்பது ஒரு கலியாண வீட்டிலே சமையல் முடிவதற்கும் போதாத நேரம். அதற்குள் ஒரு சமூகம் தன் வீட்டையும், கடையையும், பள்ளிவாசலையும், தாய் தந்தையரை அடக்கஞ்செய்த மண்ணையும் விட்டு நீங்கவேண்டியதாயிற்று.

கிழக்கிலே அவ்வாண்டு நடந்தவற்றை இதற்குக் காரணமாகக் காட்டியோர் உண்டு. அங்கே இரு சமூகத்தாரும் ஒருவர் கையால் மற்றவர் மாண்டனர் என்பது மெய். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் ஓகஸ்ட் 3 ஆந் திகதி தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டதும் மெய். ஆயினும், மட்டக்களப்பிலே எவரோ செய்த குற்றத்துக்கும், யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருவிலே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தவனுக்கும் என்ன தொடர்பு? அவன் தைத்த சட்டையைத்தானே அயலிலிருந்த சைவப் பிள்ளையும் தீபாவளிக்கு அணிந்தது?

இவையெல்லாங் கொடுமை. இனிச் சிறுமையைச் சொல்கின்றேன்.

வெளியேறிச் சென்றவர்கள் வழியிலே சோதனை செய்யப்பட்டனர். பெண்களின் நகைகள் வாங்கப்பட்டன. காப்பும் சங்கிலியும் மட்டுமல்ல, சிறு குழந்தைகளின் காதிலிருந்த தோடுகளுங்கூட. ஓர் இனத்தின் விடுதலைக்கென எழுந்த இயக்கத்துக்கு ஒரு குழந்தையின் காதுப் பொன் எதற்கு என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அதைக் கழற்றியவர்களும் கிராமத்துப் பிள்ளைகளே. தம் தங்கையருக்குக் காது குத்திய நாளிலே, அவள் அழாதிருக்க வேடிக்கை காட்டியவர்களே. அப்பிள்ளைகளின் கையிலே அரசியல் துப்பாக்கியை மட்டுங் கொடுக்கவில்லை. தோட்டின் சுரையைத் திருகுகின்ற வேலையையுங் கொடுத்தது. மேடையிலே பேசப்படும் பெரிய சொற்கள் எல்லாம் கடைசியில் இப்படி எவனோ ஒரு சாதாரண மனிதனின் விரல்களுக்குத்தான் வந்து சேர்கின்றன.

மன்னார்த் தீவிலிருந்து துரத்தப்பட்டவர்கள் வள்ளங்களிலே கற்பிட்டிக் கரைக்கு வந்தனர். அப்போது நான் சிறுவன். கற்பிட்டிப் பக்கம் அலுவலாகச் சென்றிருந்த எங்கள் பெரியப்பா திரும்பி வந்த இரவு, பெரியம்மா வைத்த சோற்றைத் தொடவில்லை. “பிள்ளைகள் எல்லாம் உப்புத்தண்ணியிலே ஊறிப்போய்க் கிடக்குதுகள்” என்று மட்டுஞ் சொன்னார். கடலிலே வளர்ந்த மனிதர். கடல் நனைத்த பிள்ளைகளை அவர் காணாதவரல்லர். பின்னர் அதைப்பற்றி அவர் பேசியதாக எனக்கு நினைவில்லை.

புத்தளத்து மக்கள் அன்று செய்ததை மறத்தலாகாது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. வீட்டுக்கு வீடு உலை வைத்தார்கள். தென்னந்தோட்டங்களிலே கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. தாமே செல்வரல்லாத மக்கள், முன்பின் அறியாதவர்களுக்குத் தம் கிணற்றைப் பகிர்ந்தளித்தனர்.

ஆனால் எந்தக் கிணற்றுக்கும் ஓரளவுண்டு. சில கிழமைக்கென வந்தவர்கள் பல்லாண்டு தங்கவேண்டியதாயிற்று. கிடுகு உக்கி, மறுபடி வேய்ந்து, மறுபடியும் உக்கியது. வெங்காயத் தோட்டத்திலே குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தபோது ஊரிலிருந்த கூலியாளுக்கு வேலை குறைந்தது. பாடசாலையிலே இடம் போதவில்லை. அப்பொழுதுதான் ‘அகதி’ என்ற சொல் நிவாரணப் பட்டியலிலிருந்து இறங்கிக் கிணற்றடிக்கு வந்தது. பின்பு கலியாணப் பேச்சுக்கும் வந்தது. வெளியேற்றத்தின்போது பிறந்தேயிராத பிள்ளையையும் அச்சொல்லாலேயே அழைத்தார்கள்.

இந்தப் பிணக்கைத் தீர்ப்பதை விட்டு, அதிலே குளிர்காய்ந்தவர்கள் வாக்குக் கேட்டு வந்தவர்கள். ஊரவரிடம், ‘உங்கள் பிள்ளையின் இடத்தை வந்தவன் பிடித்தான்’ என்றார்கள். வந்தவரிடம், ‘உங்கள் வாக்கு வடக்குக்கே உரியது, அதை எமக்கென்று வைத்திருங்கள்’ என்றார்கள். ஒரே மொழி பேசி, ஒரே பள்ளியிலே தொழுத இரு கூட்டத்தாரை இரண்டு பட்டியல்களாக்கி வைத்தார்கள். துப்பாக்கி இல்லாமலே செய்யத்தக்க சிறுமை இது.

2002 ஏப்ரலிலே, கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், அந்த வெளியேற்றம் தவறென்று அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். பன்னிரண்டாண்டுகளின் பின் வந்த சொல். 2009 இலே போர் முடிந்தது. ஊர் திரும்பலாமென்று மன்னாரின் தென்பகுதிக்குச் சென்றவர்கள், தம் வளவுகளிலே காடு வளர்ந்திருக்கக் கண்டனர். 2012 இலே மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்து நிலங்கள் வர்த்தமானி மூலம் வனமென்று பிரகடனஞ் செய்யப்பட்டன. 2015 இலே, வில்பத்துக் காட்டை அழிக்கின்றார்களென்று அதே மக்கள்மீது தெற்கிலே பெருங்கூச்சல் எழுந்தது. ஒருவனை அவன் வீட்டிலிருந்து துரத்தி, அவ்வீட்டிலே மரம் முளைத்தபின், அவனையே மரம் வெட்டுங் கள்வனென்பது எத்தகைய நீதி? காட்டைக் காக்கவேண்டுமென்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அக்கூச்சலிட்டவர்களுட் பலர், அக்காட்டினுள்ளே கிடந்த கிணற்றுக் கட்டுகளைப் பற்றி வாய்திறக்கவில்லை.

வாக்குப் பதிவு இன்னும் வடக்கிலேயே இருந்தவர்கள், 2019 நவம்பர் 16 ஆந் திகதி சனாதிபதித் தேர்தலுக்காகப் புத்தளத்திலிருந்து பேருந்துகளிலே மன்னாருக்குப் புறப்பட்டனர். விடியுமுன், தந்திரிமலைப் பகுதியிலே, வீதியில் தடையிட்டு, பேருந்துகளை நோக்கிச் சுட்டார்கள், கல்லெறிந்தார்கள். தெய்வாதீனமாக உயிர்ச்சேதமில்லை. அவர்கள் மன்னாருக்குச் சென்று வாக்களித்தார்கள். ஒரு புள்ளடி இடுவதற்காக நள்ளிரவிலே பிள்ளைகளை அயலாரிடம் ஒப்படைத்து, குண்டுபட்ட பேருந்திலே போகவேண்டிய குடிமக்கள் இந்நாட்டிலே இருந்தனர்.

சென்ற ஆண்டு என்னிடந் தமிழ் கற்கும் மாணவியொருத்தி ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்தாள். அவளுடைய வாப்பா பத்து வயதிலே எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் வந்தவர். அவளோ இங்கேயே பிறந்தவள். எருக்கலம்பிட்டியைப் பெருநாள் விடுமுறையிலே இருமுறை பார்த்திருக்கின்றாள்.

“சேர், நிரந்தர முகவரி எண்டு கேட்டிருக்கிறாங்க. எதை எழுதிற?”

“உனக்கு எது நிரந்தரமெண்டு படுகுதோ அதை எழுது, பிள்ளை” என்றேன்.

அவள் சற்று நேரம் யோசித்து, கோட்டின்மேல் புத்தளத்து முகவரியையும், இடம் போதாமையால் ஓரத்திலே பொடியெழுத்தில் எருக்கலம்பிட்டி முகவரியையும் எழுதினாள். படிவம் இரண்டு கிழமையிலே திரும்பி வந்தது. ஒரு முகவரி மட்டும் எழுதவேண்டுமென்று சிவப்பு மையினால் குறித்திருந்தார்கள். வாப்பாவைக் கேட்டு வருவதாகச் சொல்லி, அதை மடித்துப் புத்தகத்தினுள் வைத்துக்கொண்டு போனாள்.