சிவப்பு விளக்கு

ஆனி 9

அண்ணாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்துவிட்டோம். வலக் கை விழுந்துவிட்டது, வாக்கும் போயிற்று. நாம் சொல்வது அவருக்கு விளங்குகிறது என்றும், பதில் சொல்லச் சொற்கள்தாம் அகப்படவில்லை என்றும் டாக்டர் கூறுகிறார்.

ஆனி 13

கொட்டகையில் பல வருஷங்களாகச் சாக்குப் போர்த்துக் கிடக்கும் ஜாவாவை ஜன்னல் வழியே இடக் கையால் சுட்டிக் காட்டுகிறார். விற்கச் சொல்கிறாரா, துடைக்கச் சொல்கிறாரா, தெரியவில்லை. ஓடச் செய்வது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

1960-ல் தோன்றி 1996-ல் மூடப்பட்டுவிட்ட மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் செய்த, உதைத்துக் கிளப்பும் மிதியையே முன்னே திருப்பிக் கியராகப் பயன்படுத்தும் விசித்திரமான அமைப்புள்ள, 250 சி.சி. வண்டி அது. மைசூரிலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரவில் இறங்கி அண்ணா கோயம்புத்தூர் வந்து சேர்ந்த காலத்தில், அவருக்கு வழி காட்டியது அந்த வண்டியின் டைனமோ தந்த 6 வோல்ட் வெளிச்சம் ஒன்றே.

ஆனி 18

புதிய பேட்டரி வைத்து, கார்புரேட்டரைக் கழுவி, உதைத்தேன், எஞ்சின் கிளம்பியது. ஆனால் சார்ஜ் விளக்கு அணையவில்லை.

இந்தச் சிறு சிவப்பு விளக்கின் தத்துவத்தை இன்றுதான் நிதானமாக யோசித்தேன். அதன் ஒருபுறம் பேட்டரி, மறுபுறம் டைனமோ. எஞ்சின் நின்றிருக்கும்போது பேட்டரியின் மின்சாரம் விளக்கின் வழியே டைனமோவுக்குள் சென்று எர்த் ஆகிறது, ஆகவே எரிகிறது. டைனமோ சுழன்று தானும் அதே அழுத்தத்தை எட்டிவிட்டால், இருபுறமும் சமமாகி, பாய்வதற்கு இடமின்றி அணைகிறது. விளக்கு அணைவதே நல்ல சகுனம். அதாவது, மறுபுறத்திலிருந்தும் விடை வருகிறது என்று பொருள்.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஓடும்போது 7 வோல்ட்டைத் தாண்ட வேண்டிய முள் 6-க்குப் பக்கத்திலேயே நின்றது. இக்னிஷனும் பேட்டரியை நம்பியே நடப்பதால், இப்படியே விட்டால் பேட்டரி தீர்ந்ததும் வண்டி நின்றுபோகும்.

ஆனி 19

கொட்டகைப் பக்கம் போகவில்லை. அண்ணா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு அழுதார்.

ஆனி 26

எஞ்சினின் வலப்பக்க மூடியைக் கழற்றினேன். ஆர்மேச்சரின் முனையிலுள்ள காமுடேட்டரில் கரி படிந்து, செப்புத் துண்டுகளின் இடைவெளிகள் கண்ணுக்கே தெரியாதபடி அடைபட்டிருந்தன. எமரித் தாளின் துகள் செம்பில் பதிந்து பிரஷைத் தின்றுவிடும் என்பதால், மெல்லிய உப்புத்தாளை விரலகலத்துக்குக் கிழித்துச் சுற்றிப் பிடித்து, செம்பு இளஞ்சிவப்பாகத் தெரியும் மட்டும் தேய்த்தேன். தேய்ந்த ஹாக்ஸா பிளேடு ஒன்றால் இடைவெளி ஒவ்வொன்றையும் கீறிச் சுத்தம் செய்தேன். புதுக் கார்பன் பிரஷ்களும் போட்டாயிற்று. கம்பிகளைப் பிரித்துவிட்டு எஞ்சினை ஓட்டி, டைனமோவை மட்டும் தனியே சோதித்தேன். முள் அசையவேயில்லை.

மனம் மிகவும் சோர்ந்துவிட்டது. அறையில் விளக்கு எரிந்தும் அண்ணாவைப் பார்க்காமலே படுக்கப் போகிறேன்.

ஆடி 2

ஜாவா வேலை தெரிந்த பழைய எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். ஃபீல்டு காயிலைச் சோதனை பல்பால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் அறுந்துபோகலைங்க. ரொம்ப நாள் சும்மா நின்னதுல இரும்பு மறந்துபோச்சுங்க" என்றார்.

அது மெய்யான விஞ்ஞானம். 1867-ல் வெர்னர் ஸீமன்ஸ் பெர்லின் அகாதெமிக்கு அறிவித்த தத்துவமே இதற்கு ஆதாரம். டைனமோவின் இரும்பில், முன்பு ஓடிய ஓட்டத்தின் மிச்சமாகச் சிறிது காந்த சக்தி தங்கியிருக்கிறது. அந்த அற்ப காந்தத்தினிடையே ஆர்மேச்சர் சுழல, நூலிழைபோல் ஒரு மின்சாரம் பிறக்கிறது. அது ஃபீல்டு காயிலுக்குள் சென்று காந்தத்தை வளர்க்க, வளர்ந்த காந்தம் மின்சாரத்தை வளர்க்க, இவ்வாறு ஒன்றையொன்று தூக்கிவிட்டே முழு சக்தியும் உண்டாகிறது. ஆரம்பத்தில் இருக்கவேண்டிய அந்த மிச்சம் அழிந்துவிட்டால் எவ்வளவு வேகமாகச் சுழன்றும் பிரயோஜனமில்லை.

அவர் பேட்டரியிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, திசை மாறாமல் பார்த்து, ஃபீல்டு காயிலின் முனையில் ஒரு கணம் தொட்டு எடுத்தார். சிறு பொறி பறந்தது. உதைத்து, கொஞ்சம் முறுக்கியதும், சிவப்பு விளக்கு அணைந்தது. எனக்கு வாய்விட்டுக் கூவ வேண்டும் போலிருந்தது.

ஆடி 4

பேச்சுப் பயிற்சி தரும் அம்மையார் வந்திருந்தார். 'தண்ணீர்' என்று சொல்லவைக்கச் செய்த பிரயத்தனமெல்லாம் வீணாயிற்று. பிறகு, சிறு வயதில் பாடிய பாட்டு ஏதேனும் உண்டா என்று என்னைக் கேட்டார். அப்பா எங்களுக்குப் பாடம் சொன்ன தேவாரப் பதிகம் ஒன்றைச் சொன்னேன். அம்மையார் முதற்சொல்லை ராகத்தோடு எடுத்துக்கொடுத்தார். அண்ணா அதைப் பற்றிக்கொண்டு, ஒரு பாட்டு முழுவதையும், சொல் பிசகாமல் பாடி முடித்தார். பாடி முடித்ததும் என் பெயரைச் சொல்ல முயன்று முடியாமல் நிறுத்திக்கொண்டார்.

ஆடி 5

மழை.

ஆடி 13

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது விளக்கு அணைகிறது; அவிநாசி சாலையில் சற்றுத் தூரம் ஓட்டிச் சூடேறினால் மறுபடியும் எரிகிறது. சூட்டில் ஆர்மேச்சரின் உள்சுற்று விட்டுப்போவதாக எலெக்ட்ரீஷியன் அபிப்பிராயப்படுகிறார். பிரித்துக் கட்டினாலும் நிச்சயம் சொல்ல முடியாதாம். காயில் கட்டும் கடைக்காரர் திங்கட்கிழமை காலையில் நேரில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அதே வேளையில் பயிற்சி அம்மையாரும் வருகிறார். முதற்சொல்லை எடுத்துக்கொடுக்க வீட்டில் ஒருவராவது பழகிக்கொள்ள வேண்டும் என்கிறார்.

ஆர்மேச்சரைக் கடைக்குப் பையன் கொண்டுபோகட்டும்.