தாத்தாவின் குரல்மேல் நான் பாடிய பாட்டு

பொங்கலுக்கு வெள்ளையடிக்க அம்மாச்சி வீட்டுப் பரணை ஒழித்தபோதுதான் அந்த பிஸ்கட் டின் கீழே வந்தது. மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. தேங்காய் உடைக்கிற அரிவாளால் நெம்பித் திறந்தேன். உள்ளே பிஸ்கட்டும் இல்லை, ஊசி நூலும் இல்லை. பழைய வேட்டித் துணியில் சுற்றிய கேசட்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், 26.

"அதைத் தொடாத, அப்படியே வையி" என்றார் அம்மாச்சி. அந்த நேரம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, டின்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். இரண்டுக்கும் காரணம் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது.

அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமம்தான் அம்மாச்சியின் ஊர். அந்தப் பகுதியில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பது சகஜம். எங்கள் தாத்தா 1978-ல் துபாய் போனார். கட்டடங்களுக்குப் பலகை அடிக்கிற ஷட்டரிங் கார்பெண்டர் வேலை. அது ஜெபல் அலி துறைமுக வேலைகள் நடந்துகொண்டிருந்த காலம். அவர் கிளம்பும்போது அம்மாவுக்கு மூன்று வயது.

முதல் ஒரு வருடம் கடிதம்தான். ஆனால் அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வந்த கடிதத்தைத் தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். மாமியார், கொழுந்தன், பக்கத்து வீடு என எல்லோரும் சுற்றி நின்று கேட்பார்கள். பதில் எழுதவும் யாராவது ஒருவரைப் பிடிக்க வேண்டும். "ஊரே கேக்குற லெட்டர்ல புருசன்கிட்ட என்னத்தச் சொல்றது? நெல்லு வெலையும் மாடு கன்னு போட்டதும்தான் சொல்லலாம்" என்பார் அம்மாச்சி.

1979-ல், விடுப்பில் வந்த ஊர்க்காரர் ஒருவரிடம் தாத்தா ஒரு நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு கேசட். அன்றிலிருந்து தபால்காரருக்கு வேலை குறைந்தது. கேசட்டின் ஒரு பக்கம் தாத்தா பேசி அனுப்புவார். மறுபக்கம் அம்மாச்சி பேசி, துபாய் போகிறவர் யார் கையிலாவது கொடுத்துவிடுவார். தாத்தா வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது, தன்னிடம் சேர்ந்திருந்த கேசட்கள் மொத்தத்தையும் அந்த பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதனால்தான் இருவர் பேசியதும் ஒரே இடத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு கேசட்டின் மேலும் பேனாவால் கோடுகள் போட்டிருந்தார். முதல் கேசட்டுக்கு ஒரு கோடு, இரண்டாவதுக்கு இரண்டு. பால் கணக்குக்குச் சுவரில் போடுவோமே, அப்படி. படிக்கத் தெரியாத மனைவிக்கு வரிசை மாறிவிடக் கூடாது என்று.

கருப்புப் பசையான பெல்ட்

"எல்லாத்தையும் போன்ல ஏத்தித் தர்றேன் அம்மாச்சி" என்று கெஞ்சி, டின்னையும் டேப் ரெக்கார்டரையும் சென்னைக்கு எடுத்து வந்தேன். டேப் ரெக்கார்டர் ஓடவில்லை. ரிச்சி தெருவில் மூன்று கடைகளில் சிரித்துவிட்டு அனுப்பினார்கள். நான்காவது கடை அண்ணன் திறந்து பார்த்தார். உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் உருகிக் கருப்புப் பசையாகிக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்து, வேறு பெல்ட் மாட்டி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்துக் கொடுத்தார்.

கேசட்களைப் புரட்டிப் பார்த்தவர், "இதையெல்லாம் யாரோ விவரமானவங்க வெச்சிருந்திருக்காங்க" என்றார்.

"எப்படிண்ணா சொல்றீங்க?"

கேசட்டின் முதுகுப் பக்க விளிம்பைக் காட்டினார். அங்கே இரண்டு ஓரத்திலும் சின்னச் சதுரப் பள்ளம். அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்குமாம். அதை உடைத்துவிட்டால், ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் அமுங்காது. உள்ளே இருப்பதை யாரும் தெரியாமல் அழித்துவிட முடியாது. மறுபடி பதிய வேண்டுமானால் அந்தப் பள்ளத்தின் மேல் செலோ டேப் ஒட்டினால் போதும். 26 கேசட்டிலும் இரண்டு தடுப்பும் உடைந்திருந்தன. நான் பழசானதால் உடைந்தது என்று நினைத்திருந்தேன்.

தாத்தாதான் செய்திருப்பார் என்று அன்று முடிவு கட்டிக்கொண்டேன்.

இங்கு நான் நலம்!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருக்கலாம் என்பதால் செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்கள் சும்மா கிடந்த கேசட்டை உடனே ஓடவிடாதீர்கள். முதலில் ஒரு முறை முன்னும் பின்னும் முழுதாகச் சுற்றிவிடுங்கள். உள்ளே நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே போடுங்கள். டேப் ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து ஒரு ஒயர், கம்ப்யூட்டரின் மைக் துளைக்கு. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். பதிவு செய்ததும் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இதில் குறுக்கு வழி கிடையாது. 60 நிமிட கேசட்டைப் பதிய 60 நிமிடம் ஆகும். பகலெல்லாம் 30 விநாடி வீடியோவுக்குத் தலைப்பு வைக்கிற எனக்கு, இரவில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஒரு குரலை மட்டும் கேட்பது முதலில் சிரமமாக இருந்தது. 60 நிமிட கேசட்டுக்குள் சுமார் 90 மீட்டர் நாடா இருக்கும். கணக்குப் போட்டால் அந்த பிஸ்கட் டின்னுக்குள் 2 கிலோமீட்டருக்கும் மேல் பேச்சு இருந்தது.

தாத்தா இறந்தது 2002-ல். அப்போது எனக்கு நான்கு வயது. அவர் முகம் போட்டோவில்தான் தெரியும். குரல் சுத்தமாக நினைவில் இல்லை. முதல் கேசட்டைப் போட்டேன்.

"இங்கு நான் நலம். அங்கு நீயும், பாப்பாவும், அம்மாவும், ஆடு மாடுகளும் நலமாய் இருக்க இறைவனை வேண்டுகிறேன்" என்று கடிதம் படிப்பதுபோல ஆரம்பிக்கிறார். ஒரு இருமல். பிறகு, "ஏய்… நான் பேசுறது கேக்குதா?" பின்னாலிருந்து யாரோ, "அவுக எப்படிய்யா பதில் சொல்லுவாக?" என்று சொல்ல, அறையே சிரிக்கிறது. ஓர் அறையில் எட்டுப் பேராம். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுபக்கம் அம்மாச்சி. "ஏங்க… நாந்தான் பேசுறேன்" என்று ரகசியக் குரலில் தொடங்குகிறார். பின்னாலேயே மாட்டின் கழுத்துமணிச் சத்தம். மாமியாருக்குக் கேட்கக் கூடாது என்று மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறார். கடன், மழை, ஓட்டின் மேல் விழுந்த தென்னை மட்டை எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் நீண்ட நேரம் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார். மணிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

ஏழு கோடு, எட்டு கோடு

ஏழாவது கேசட், 1980. அம்மாச்சி பேசிய பக்கம். "இந்தா, பாப்பா பேசுறா பாருங்க" என்கிறார். சத்தமில்லை. "அப்பான்னு சொல்லுடி." சத்தமில்லை. "நல்லாருக்கீங்களான்னு கேளு." ஒரு காகம் கத்துகிறது. குழந்தை மூச்சு விடுவது மட்டும் கேட்கிறது. திடீரென்று வீல் என்ற அழுகை. கிள்ளிவிட்டார் என்று கேட்கும்போதே தெரிகிறது. அழுகையோடு பதிவு நிற்கிறது.

அழுத குழந்தை என் அம்மா.

இதைப் பற்றி அம்மாவிடம் போனில் பேச்சுக் கொடுத்தேன். "எங்கப்பா அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்காருன்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு அடி வாங்குன பிறகு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஓடிடுவேன். அடுத்த வருஷம் அவரு நேர்ல வந்தப்பவும் ஓடிட்டேன். பேசாதவன்னு என்மேல அவருக்குக் கடைசி வரைக்கும் வருத்தம் இருந்திருக்கும்டி" என்றார். சொல்லிவிட்டு, குக்கர் விசில் வருது என்று வைத்துவிட்டார்.

அதற்குத் தாத்தா என்ன பதில் சொன்னார்? அது எட்டாவது கேசட்டில் இருக்க வேண்டும். ஆசையாகப் போட்டேன்.

தாத்தா வழக்கம்போல் நலம் சொல்கிறார். "நீ அனுப்புன கேசட் வந்துச்சு. பாப்பா…" என்கிறார். 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு சிறுமி, தொண்டை கிழிய ஒரு பள்ளிக்கூடப் பாட்டைப் பாடுகிறாள். ராகமும் இல்லை, தாளமும் இல்லை. பாட்டு முடிந்ததும் தானே கைதட்டிக்கொள்கிறாள். காலடிச் சத்தம் ஓடி மறைகிறது. அதற்குப் பிறகு ஃபேன் சுற்றும் ஓசை. கோழி. எங்கோ ஒரு பைக். பத்து நிமிடத்துக்கு மேல் அப்படியே ஓடுகிறது. கடைசியில் யாரோ அவசரமாக வரும் சத்தம். "ஐயையோ… யாருடி இதை அமுக்குனது?" என்று அம்மாச்சியின் குரல். மறுபடி 'டக்'. தாத்தா விட்ட இடத்தில் அல்ல, வேறெங்கோ இருந்து தொடர்கிறார்: "…அதனால நேரத்துக்குச் சாப்புடு."

பாடியது நான். ஒன்றாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்குப் பாடிப் பழகிய பாட்டு அது. தாத்தா போய் இரண்டு வருடம் ஆகியிருக்கும்.

ரெக்கார்ட் பட்டனை அமுக்கியதும், ஒரு ஹெட் பழைய பதிவை முழுதாக அழித்துக்கொண்டே போகும், அடுத்த ஹெட் புதியதைப் பதியும். அடியில் பழைய குரல் ஒளிந்திருக்காது. எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. தெரிந்தும், அன்று இரவு இரண்டு மணி வரை ஏதேதோ பட்டனை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காதை ஒடச்சது யார்?

சித்திரையில் கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் ஊருக்குப் போயிருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்து அம்மாச்சி திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "எட்டு கோடு போட்ட கேசட்ல நான் பாடியிருக்கேன் அம்மாச்சி" என்றேன்.

"தெரியுமே."

"என்னைய ஏன் திட்டல?"

"ஆறு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்? அன்னைக்கு ராத்திரி முழுக்க அழுதேன். விடிஞ்சதும் ரேடியோ ரிப்பேர் கடைக்காரன்கிட்டப் போயிக் கேட்டேன். காதை ஒடச்சுவிட்டா அழியாதுன்னான். வந்து எல்லாத்துக்கும் அருவாமனையால ஒடச்சுவிட்டேன்."

விவரமான ஆள் தாத்தா இல்லை. கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாச்சிதான். இருபது வருடமாக இதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அதுல தாத்தா என்ன பேசியிருந்தாரு, நினைவிருக்கா?"

அம்மாச்சி வெற்றிலையைக் கீழே வைத்தார். "அதை எத்தனை தடவ போட்டுக் கேட்டிருப்பேன்! மறக்குமா?" என்றார். நான் போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்து பக்கத்தில் வைத்தேன். அம்மாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் கனத்த குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

"பாப்பாவை ஏண்டி கிள்ளுன? அது பேசாட்டி என்ன? அது மூச்சு விடுறது எனக்கு நல்லா கேக்குது. திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். ரூம்ல எல்லாரையும் சும்மா இருங்கடான்னு சொல்லிட்டுக் கேட்டேன். மூக்கு அடைச்சிருக்கு, சளி புடிச்சிருக்கு போல. கற்பூரவல்லி எலையை வாட்டிச் சாறு புழிஞ்சு குடு. இனிமே அதைப் பேசச் சொல்லாத. பக்கத்துல ஒக்கார வெச்சுக்க, போதும்."

நிமிர்ந்து பார்த்தேன். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அம்மாச்சி பார்த்துவிட்டு, "நீ அப்ப கேசட்டுப் போட்டாலே ஓடிருவ. இதை நீ கேட்டதே இல்லல்ல?" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

நான் ஏழாவது கேசட்டின் பதிவை இயர்போனில் மறுபடி கேட்டேன். காகத்துக்கும் அழுகைக்கும் நடுவில், அந்த மூச்சு. ஆமாம், மூக்கடைப்புதான். நான் நாலைந்து முறை கேட்டும் கவனிக்காதது அவருக்குத் துபாயில் உட்கார்ந்தபடியே கேட்டிருக்கிறது.

இரவு படுக்கும்போது அம்மா மெதுவாக, "அந்த ஏழாம் நம்பரும், இன்னைக்கு எங்கம்மா சொன்னதும்… ரெண்டையும் எனக்கு அனுப்பி வை" என்றார். அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழ ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

என் பாட்டை வெட்டி எடுத்துவிடலாம் என்று அலுவலக நண்பன் சொன்னான். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அது நான் அழித்தது. அப்படியே இருக்கட்டும்.

மறுநாள் கிளம்பும்போது, அம்மாச்சியின் போனில் எல்லாவற்றையும் ஏற்றி, எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுத்தேன். போனை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார்.

"இதுக்குக் காது எங்கடி இருக்கு? போறதுக்கு முன்னாடி ஒடச்சுவிட்டுட்டுப் போ."