ஸ்பீக்கரில் பாடும் ஆல்டர்னேட்டர்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைத்து மிதிக்கும்போது என்ஜின் உறுமுவது சரி. ஸ்பீக்கரும் கூடவே 'ஙொய்ய்ய்' என்று ஏறி இறங்கினால்? சமவெளியில் ஒரே வேகத்தில் போகும்போது காதில் விழாத இந்த இரைச்சல், மலைப்பாதையில் தப்பாமல் மாட்டிக்கொள்ளும்.

குற்றவாளி பெரும்பாலும் ஆல்டர்னேட்டர்தான். அது உண்டாக்கும் மாறுதிசை மின்சாரத்தை உள்ளிருக்கும் டயோடுகள் நேர்மின்சாரமாக்கினாலும் கொஞ்சம் அலை மிச்சமிருக்கும். என்ஜின் வேகம் கூடினால் அந்த அலையின் அதிர்வெண்ணும் கூடும். அதனால்தான் சுருதி ஏறுகிறது!

உடனே ஃபில்டர் வாங்க ஓட வேண்டாம். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, அதில் செருகியிருக்கும் ஆர்சிஏ வயரைக் கழற்றிவிட்டு, என்ஜினோடு மறுபடி போட்டுக் கேளுங்கள். இரைச்சல் போய்விட்டால் அது அந்த வயர் வழியாகவோ, ஸ்டீரியோவின் எர்த்திலிருந்தோ வந்தது. போகவில்லையா? ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயரைப் பாருங்கள். பலநேரம் பெயின்ட் மேலேயே முடுக்கியிருப்பார்கள்! பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில், குட்டையான தடித்த வயரால் இறுக்கினாலே பாதி வண்டிகள் அமைதியாகிவிடும். ஆர்சிஏ வயர் ஒரு பக்கம், பேட்டரி வயர் மறுபக்கம் போகட்டும்.

புதிதாக எதையும் மாட்டாத வண்டியில் திடீரென்று இந்த இரைச்சல் வந்தால் மட்டும் விஷயம் வேறு. டயோடு ஒன்று போயிருக்கலாம். பேட்டரி சரியாக சார்ஜ் ஆகாது. இரவு, மூடுபனி, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஒன்றாகச் சேரும் 12-வது வளைவில் வண்டி படுத்துவிட்டால் பாட்டா முக்கியம்? அடிவாரத்தைத் தாண்டும் முன்பே, சேலத்திலேயே ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.