செங்கல்பட்டிலிருந்து ஸ்கார்பரோவுக்கு

செங்கல்பட்டு,
தை மாதம்

அன்பு நண்பருக்கு,

அங்கே பனி கொட்டிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஓய்வுக் காலத்தைக் கழிக்க மாமல்லபுரம் பக்கம் தோதாக இருக்குமா, நம் பென்ஷன் காசு கட்டுமா என்று நேரில் பார்த்து எழுதச் சொன்னீர்கள். பார்த்துவிட்டேன். காசு கட்டும். ஆனால் கடற்கரையில் வேண்டாம், வீடு வாங்க வேண்டாம், வருடம் முழுக்கத் தங்கவும் வேண்டாம்.

கடற்கரையிலிருந்தே தொடங்குகிறேன். மாமல்லபுரத்து ஒத்தவாடைத் தெருவில் இப்போது வெள்ளைக்காரர்கள் நிறையப் பேர். குளிருக்குப் பயந்து இங்கே வந்து சில மாதம் இருந்துவிட்டுப் போகிறவர்கள். தெரு நெடுகச் சிற்பக்கூடங்கள். உளிச் சத்தத்தோடு இப்போது கட்டிங் மெஷின் சத்தமும் சேர்ந்து கேட்கிறது. சாயங்காலம் கடற்கரைக் கோயில் பக்கம் நடந்தால் இங்கேயே இருந்துவிடலாம் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். எனக்கும் அடித்துக்கொண்டது.

ஐந்து ரதம் பார்க்க டிக்கெட் வாங்கும்போதுதான் உங்கள் நினைவு வந்தது. இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருப்பதால் எனக்கு 40. நீங்கள் பழைய இலங்கைப் பாஸ்போர்ட்டோடு வந்திருந்தால் சார்க் நாட்டவர் என்று உங்களுக்கும் 40தான். கனடாப் பாஸ்போர்ட் என்பதால் 600. காசு பெரிதில்லை. ஆனால் நானும் நீங்களும் ஒரே பாஸ்போர்ட் வைத்திருந்தும், நான் திருச்சியில் பிறந்தவன், நீங்கள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பது இந்த ஊரில் ஒவ்வொரு கவுண்டரிலும் தெரியவரும். நான் இங்கே எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், வீடும் வாங்கலாம் (விவசாய நிலம் கூடாது). நீங்கள் பேசுவது தமிழ்தான் என்றாலும் சட்டத்தின் கண்ணில் சுற்றுலாப் பயணி. ஓய்வுபெற்றவர்களுக்கென்று இந்தியாவில் தனி விசா கிடையாது. தாய்லாந்தில் 50 வயதுக்கு மேற்பட்டவருக்கு இருக்கிறது, இலங்கையிலேகூட 55 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவருக்கு இருக்கிறது. இங்கே கனடாக்காரருக்கு டூரிஸ்ட் விசாவில் ஒரு தடவைக்கு 180 நாள், அவ்வளவுதான். தாம்பரத்தில் சொந்தத் தங்கை இருக்கிற உங்களுக்கும் அதுதான் கணக்கு. இது எனக்கு ஆறாத வருத்தம்.

கடலோரத்தில் வீடு, வில்லா என்று கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகப் பலகைகள். இந்திய வம்சாவளி இல்லாத, வெளிநாட்டில் வசிக்கும் ஒருவர் இங்கே சொத்து வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தராது. "தங்கை பேரில் எழுதிவிடலாம் சார்" என்று சொல்ல ஆள் உண்டு, கேட்காதீர்கள். எனக்கே வாங்கப் பயமாக இருந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் ஒரு பக்கம். தொல்லியல் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே கூடாது, அதற்கு மேல் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டம் இன்னொரு பக்கம். பலகை வைத்தவர் இதையெல்லாம் அவராகச் சொல்லமாட்டார்.

வாடகைக்கு இருக்கலாமே என்றால், தண்ணீர்ப் பிரச்சினை இருக்கிறது. பக்கத்து நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டர் குடிநீர் எடுக்கிறார்கள். 2024இல் இன்னொரு பதினைந்து கோடி லிட்டர் ஆலையும் வந்தது. அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. இங்கே குடிக்கக் கேன்தான். புயலையும் சொல்லவேண்டும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. எழுபது வயதில் கரண்ட் இல்லாத வீட்டில் தனியாகக் கிடப்பது வேண்டாம்.

ஆகவே பஸ் ஏறி மேற்கே செங்கல்பட்டுக்கு வந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். உச்சிவேளையில் கழுகுகள் வந்து சோறு உண்ணும் என்று பெயர்பெற்ற மலை அங்கேதான். இப்போது அவை வருவதில்லை.

செங்கல்பட்டு அழகான ஊர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்குப் பிடித்துவிட்டது. ரயில் பாதையை ஒட்டியே கொளவாய் ஏரி விரிந்து கிடக்கிறது. ஸ்டேஷனிலிருந்து எலக்ட்ரிக் ரயில் ஏறினால் தாம்பரம், அங்கிருந்து அதே ரயிலில் சென்னைக் கடற்கரை வரை. மாமல்லபுரத்துக்கு ரயிலே கிடையாது. 1965இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கின்றன. 2019 நவம்பரில் தனி மாவட்டமானபின் கலெக்டர் ஆபீசும் இங்கேயே. மெஸ், மருந்துக்கடை, மார்க்கெட் எல்லாம் நடக்கிற தூரம். கடலிலிருந்து விலக விலக வாடகையும் இறங்குகிறது. நமக்கு வேண்டியது இதுதான். கடலை வாரம் ஒரு நாள் பஸ்ஸில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பத்து மாத அட்வான்ஸ் கேட்பது சென்னைப் பழக்கம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். இதைக் கேட்டதும் சிலர் பின்வாங்குவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனிப் பணம். வேலை பார்த்துச் சேர்த்த உங்கள் சி.பி.பி. பென்ஷன் எங்கே இருந்தாலும் வரும். 18 வயதுக்குப் பின் கனடாவில் இருபது வருடம் வாழ்ந்திருந்தால் முதியோர் பென்ஷனான ஓ.ஏ.எஸ்.சும் வெளிநாட்டில் தொடர்ந்து வரும். வருமானம் குறைந்த முதியோருக்குக் கூடுதலாகத் தரும் ஜி.ஐ.எஸ். மட்டும் அப்படி இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். யாருக்கு அது? ஃபாக்டரியிலும் ஆபீஸ் கிளீனிங்கிலும் உழைத்து, பென்ஷன் என்று பெரிதாக ஒன்றும் சேராதவர்களுக்கு. மலிவான ஊருக்குப் போக வேண்டிய தேவை அவர்களுக்குத்தான் அதிகம், போனால் வெட்டு விழுவதும் அவர்களுக்குத்தான். 2010இல் கனடா வந்த உங்கள் அண்ணிக்கு இருபது வருடம் நிறைய 2030 ஆகும். அதற்குமுன் நீண்ட நாள் வெளியே இருந்தால் அவருக்கு ஓ.ஏ.எஸ்.சும் நிற்கும். இது நியாயமில்லை.

ஒன்டாரியோ ஹெல்த் கார்டு நிலைக்க எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாள் அங்கே இருக்கவேண்டும். விசா 180 நாள், ஜி.ஐ.எஸ். ஆறு மாதம், ஹெல்த் கார்டுக்கு 153 நாள்: மூன்றும் பொருந்துகிற ஒரே ஏற்பாடு, அரை வருடம் இங்கே, அரை வருடம் அங்கே. அந்தக் கார்டை விட்டுவிடாதீர்கள். அது இங்கே ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பெரிதாக உதவாது, பயணக் காப்பீடு தனியாக எடுக்கவேண்டும். ஆனால் பெரிய வியாதி வந்தால் திரும்பிப்போக ஓர் இடம் வேண்டும். வருடாவருடம் வந்தால் வரிக் கணக்கும் உண்டு: முந்தைய நான்கு ஆண்டில் மொத்தம் 365 நாள் இருந்தவர், இந்த ஆண்டில் 60 நாள் இருந்தாலே இங்கே வரிச் சட்டப்படி குடியிருப்பவர் ஆகலாம். மூன்றாவது வருகைக்கு முன் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள்.

டிசம்பர் மழை ஓய்ந்ததும் வாருங்கள். அதற்குமுன் நம் முதியோர் சங்கத்தில் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். ஜி.ஐ.எஸ். வாங்குகிறவர்கள் யாரும் ஆறு மாதக் கணக்கைப் பார்க்காமல் டிக்கெட் போட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்