சோறும் படிப்பும் கொடுத்தால் போதுமா?

என் மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மாவட்ட அணிக்குக் கபடி ஆடியவள். ஒரு தனியார் கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. கல்விக் கட்டணம் கிடையாது, விடுதியும் சாப்பாடும் இலவசம். பதிலுக்கு அவள் கல்லூரி அணிக்கு ஆட வேண்டும். “சோறும் போட்டு, படிப்பும் தர்றாங்க. இதுக்கு மேல என்னங்க வேணும்?” என்று கேட்கிறார் என் கொழுந்தனார்.

இதே கேள்வியை வைத்து அமெரிக்காவில் ஏறக்குறைய 70 வருடமாக வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அங்கே ஒஹையோ மாநிலத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன்தான் இதை முதலில் சொன்னான். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் 1870-ல் ஒரு வேளாண் கல்லூரியாகத் தொடங்கப்பட்டது. விவசாயிகள், தொழிலாளிகளின் பிள்ளைகள் படிக்கட்டும் என்று 1862-ல் அந்த நாட்டு அரசு நிலம் ஒதுக்கிச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தால் வந்த கல்லூரிகளில் இதுவும் ஒன்று. இன்றைக்கு அதன் விளையாட்டு அரங்கில் 1 லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, தோளோடு தோள் மோதும் அமெரிக்கக் கால்பந்துதான் அங்கே பெரிய விளையாட்டு. கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டியை ஒளிபரப்பும் உரிமைக்கு மட்டும் டி.வி. நிறுவனங்கள் வருடத்துக்குச் சுமார் 100 கோடி டாலர் கொடுக்கின்றன. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் அதிகம் வாங்குபவர் ஆளுநர் இல்லை, கல்லூரி அணியின் பயிற்சியாளர். ஆடும் பிள்ளைக்கோ நெடுங்காலம் படிப்பு, அறை, சாப்பாடுதான். அதற்கு மேல் வாங்கினால் விதிமீறலாக இருந்தது.

இந்தப் பிரச்னையில் என் மனதைத் தொட்டது 1955-ல் நடந்த ஒரு மரணம். கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் என்ற வேளாண் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். கல்லூரி ஒன்றும் கால்பந்து வியாபாரம் செய்யவில்லை என்று சொல்லி, 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அந்தக் காலத்தில்தான் ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற பெயரைப் பரப்பியது. ஆடுகிறவர்களை ஊழியர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயத்தில் வந்த பெயர் அது. இதை எழுதியவர், அந்த அமைப்பைப் பல வருடம் நடத்திய வால்டர் பையர்ஸ். 1995-ல் வந்த தன் புத்தகத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

நாங்கள் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கிறோம். குஞ்சும் தீவனமும் கம்பெனி தரும். கொட்டகை, தண்ணீர், கரண்டு, உழைப்பு எல்லாம் நம்முடையது. “குஞ்சும் தீவனமும் இலவசமாத்தானே தர்றோம், வளர்ப்புக் கூலி எதுக்கு?” என்று எந்தக் கம்பெனியும் கேட்பதில்லை. ஆனால், கூலி எவ்வளவு என்பதோடு நம் கணக்கு முடிவதில்லை. சித்திரை வெயிலில் கோழி செத்தால் நஷ்டம் யார் தலையில் என்பதையும் பார்த்துத்தானே கையெழுத்துப் போடுகிறோம்?

அமெரிக்காவில் காற்று இப்போது மாறிவிட்டது. எட் ஓபானன் என்ற முன்னாள் கூடைப்பந்து வீரர், தன் உருவத்தை வீடியோ கேமில் போட்டு விற்றதற்காக 2009-ல் வழக்குப் போட்டார். 2021-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமித்து, படிப்பு சார்ந்த சலுகைகளுக்கு உச்சவரம்பு வைத்தது தவறு என்றார்கள். அதே வருடம் ஜூலையிலிருந்து மாணவர்கள் விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு கல்லூரி முதல் வருடத்தில் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம்.

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கால்பந்து வருமானத்தில்தான் நீச்சல், மல்யுத்தம், பெண்கள் அணிகள் பலவும் ஓடுகின்றன. பணமெல்லாம் கால்பந்து வீரர்களுக்கே போனால் இவற்றை மூடிவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். அந்த உடன்பாட்டில் பழைய வீரர்களுக்கு ஒதுக்கிய தொகையிலும் பெரும்பங்கு கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான். ஆட்டத்தில் வரும் வருமானத்தை வைத்துச் சம்பளம் என்றால், டிக்கெட் விற்காத கபடி ஆடும் என் மகளுக்கு ஒன்றும் வராது.

அதனால் என்னைக் கேட்டால், ஆட்டத்தால் பணம் பார்க்கும் இடத்தில் ஆடுபவருக்குப் பங்கு கொடுத்தே ஆக வேண்டும். பணம் வந்தாலும் வராவிட்டாலும், உடம்புக்கு வரும் சேதத்தை ஆட வைப்பவர் ஏற்க வேண்டும். அங்கே 1973 முதல் 2012 வரை உதவித்தொகை ஒரு வருடத்துக்குத்தான். அடுத்த வருடம் புதுப்பிப்பது கல்லூரியின் விருப்பம். விளையாடி முடித்த பிறகும் 2 வருடம் வரை காயத்துக்குச் சிகிச்சை தரும் காப்பீட்டை என்.சி.ஏ.ஏ. கொண்டுவந்தது 2024 ஆகஸ்டில்தான். டென்னிசன் இறந்து 69 வருடம் ஆகியிருந்தது.

விளையாட்டு ஒதுக்கீட்டில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். மூட்டு ஜவ்வு கிழிந்தால் ஆபரேஷன் செலவு யாருடையது? ஆட முடியாமல் போனால் கட்டணச் சலுகை படிப்பு முடியும் வரை தொடருமா? போட்டிக்குப் போகும் நாட்களில் வருகைப்பதிவும் தேர்வும் என்ன ஆகும்?

மகளைச் சேர்க்க இருக்கும் கல்லூரியில் நானும் கேட்டேன். “அதெல்லாம் பாத்துக்கலாங்க” என்றார்கள். எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். கடிதம் வந்தால் சேர்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். இப்படி எழுதி வாங்கிய அனுபவம் யாருக்காவது இருந்தால், கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு உதவும்.