முதல் ஆட்டத்தில் அவன் வீசமாட்டான்

இம்முறை தைப்பொங்கலுக்கு எட்டியாந்தோட்டைக்கு அப்பாலுள்ள எங்கள் பழைய இறப்பர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கேகாலை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதன் தடயங்கள் வழிநெடுகத் தெரிந்தன. மலைச்சரிவுகளில் சிவந்த மண் வடுக்கள். ஸ்டோருக்குப் பின்னாலுள்ள மைதானத்தின் ஒரு மூலையிலும் மண் வந்து குவிந்திருந்தது. பையன்கள் ஞாயிறுதோறும் மண்வெட்டியோடு போய் அதை அள்ளிக்கொண்டிருந்தார்கள். மாசி பிறந்தால் மென்பந்துச் சுற்றுப்போட்டிகள் தொடங்கிவிடும், சித்திரைப் புத்தாண்டு வரைக்கும் ஓயாது.

என் அக்காவின் பேரன்தான் இப்போது அணித் தலைவன். பொங்கலன்று மாலை, பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தான். வரப்போகும் எட்டு ஞாயிறுகளுக்கான பந்துவீச்சுத் திட்டம். கோடு போட்டுக் கட்டம் கட்டி எழுதியிருந்தான். ஐம்பது ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தவன் என்பதால் நான் விளையாட்டுப் பக்கமும் பார்த்திருப்பேன் என்பது அவனது நம்பிக்கை. பார்த்திருக்கிறேன், கொஞ்சம்.

கொப்பியில் முதல் கட்டத்தில் ஒரு பெயர். இரண்டாவதிலும் அதே பெயர். எட்டு ஞாயிறும், ஒவ்வொரு ஞாயிறின் ஒவ்வொரு ஆட்டமும், அதே பெயரில்தான் தொடங்கின. அந்தப் பையனுக்குப் பத்தொன்பது வயது. எட்டியாந்தோட்டையிலிருந்து தெஹியோவிட்ட வரையிலும் அவன் வேகத்துக்கு எதிரே நிற்க ஆளில்லை என்றார்கள். வாரத்தில் ஆறு நாளும் விடிவதற்கு முன்பே கத்தியோடு மலைக்குப் போய் ஏறத்தாழ முந்நூறு மரத்தில் பால் வெட்டுகிறவன்.

"போன வருஷம் கடைசிப் போட்டியில ஏன் தோத்தீங்க?" என்று கேட்டேன்.

"அவன் கை தூக்க முடியல தாத்தா."

அந்தப் பதில் எனக்கு ரொறன்ரோவை நினைவூட்டியது. ஒக்டோபர் முழுவதும் ஸ்காபரோவில் மகன் வீட்டில் இருந்தேன். அங்குள்ள நம்மவர்கள் கிரிக்கெட்டை மறந்துவிட்டு, புளூ ஜேய்ஸ் என்ற உள்ளூர் பேஸ்போல் அணியின் நீலச் சட்டையோடு திரிந்த நாட்கள் அவை. எதிரணி லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ். எனக்கு அந்த ஆட்டம் தெரியாது. பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருந்து சொல்லித் தந்தார்கள். ஆறாவது ஆட்டத்தில் யொஷினோபு யமமோட்டோ என்ற ஜப்பானியர் 96 பந்து எறிந்து ரொறன்ரோவைத் தோற்கடித்தார். ஒரு முறை அத்தனை பந்து எறிந்தவர் நாலைந்து நாட்களுக்குத் திரும்ப எறியமாட்டார் என்பது அவ்வாட்டத்தின் எழுதாத விதி. ஆனால் மறுநாள், நவம்பர் 1, ஏழாவது ஆட்டம் இழுபறியில் நின்றபோது அதே மனிதர் மறுபடி இறங்கி 34 பந்து எறிந்தார். பதினொன்றாவது இன்னிங்ஸில் 5க்கு 4 என்று கிண்ணம் கைவிட்டுப் போயிற்று. மகன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தான்.

நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. ஒருவர் இரண்டு நாள் தொடர்ந்து எறிந்ததை உலகமே அதிசயமாகப் பேசுகிறதென்றால், எறியாத நாட்களை அவர்கள் எவ்வளவு கவனமாகக் காத்துவருகிறார்கள்! அமெரிக்காவில் ஒரு பருவத்துக்கு ஓர் அணி 162 ஆட்டம் ஆடுகிறது. தொடக்க வீச்சாளர்கள் என்று ஐவரை வைத்துக்கொண்டு முறை போட்டு இறக்குவார்கள். ஜப்பானில் அறுவர், வாரத்துக்கு ஒருவருக்கு ஒரு முறை. அடுத்த பருவத்துக்கு அந்த ஐவர் யார், எந்த வரிசையில் என்பதுதான் குளிர்காலம் முழுவதும் அங்குள்ளவர்களின் பேச்சு. ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை. 1884இல் ராட்போர்ன் என்ற ஒருவர், கூட்டாளி விலகிப் போனதால், ஓர் அணியின் ஆட்டங்களைப் பெரும்பாலும் தனியாகவே எறிந்து அறுபது வரையிலான வெற்றிகளைப் பெற்றுத் தந்தார். தலை வாரக்கூட அவரால் கையை உயர்த்த முடியாமற் போனது என்று சொல்வார்கள். நான்கு பேர் என்பது ஐவராக மாறியது 1970களில்தான். முழங்கைத் தசைநார் அறுந்த டொமி ஜோன் என்பவருக்கு 1974இல் புது நார் வைத்துத் தைத்தார்கள். அந்த அறுவைச் சிகிச்சைக்கே இன்று அவர் பெயர்தான்.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, "அவங்களுக்கு 162 ஆட்டம் தாத்தா. ஒண்ணு தோத்தா அடுத்தது இருக்கு. நமக்கு ஒண்ணு தோத்தா வீட்டுக்குப் போகணும்" என்றான்.

நியாயமான வாதம். எங்கள் சுற்றுப்போட்டிகள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிபவை. ஐந்து ஓவர் ஆட்டம், ஒருவருக்கு இரண்டு ஓவர். இறுதிக்குப் போனால் ஒரே நாளில் நாலு ஆட்டம். இரண்டு ஓவர்தானே என்று தோன்றும். நாலு ஆட்டத்துக்கு 48 பந்து, அகலப் பந்தும் முறையில்லாப் பந்தும் சேர்த்தால் அறுபதைத் தொடும், ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் உடம்பு சூடேற்ற எறிபவை கணக்கிலேயே இல்லை. மறுநாள் விடியுமுன் மலை ஏறவேண்டும்.

அவனுக்குப் புரிகிற உதாரணமாக முரளியைச் சொன்னேன். தென்னிந்தியாவிலிருந்து 1920இல் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒரு தொழிலாளியின் பேரன் என்பதால் முத்தையா முரளிதரன் எங்கள் லயங்களில் எப்போதும் சொந்தக்காரன்தான். 1998 ஓகஸ்ட், லண்டன் ஓவல் மைதானம். நாணயச் சுழற்சியில் வென்ற அர்ஜுன ரணதுங்க, துடுப்பாட்டத்துக்கு வாகான களத்தில் இங்கிலாந்தை முதலில் ஆடச் சொன்னார். பைத்தியக்காரத்தனம் என்று பலரும் எழுதினார்கள். காரணத்தை அவர் பிறகு சொன்னார்: இரண்டு இன்னிங்ஸுக்கும் நடுவில் முரளிக்கு ஓய்வு வேண்டும். இலங்கை முதலில் ஆடி, இங்கிலாந்தைத் தொடர்ந்து இரு முறை ஆட வைக்க நேர்ந்தால், முரளி இடைவிடாமல் வீச வேண்டிவரும். இங்கிலாந்து 445 எடுத்தது. இலங்கை 591. ஜயசூரிய 213, அரவிந்த டி சில்வா 152. அவர்கள் அடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் முரளி கால் நீட்டி இருந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் வந்து 65 ஓட்டத்துக்கு 9 விக்கெட். மொத்தம் 113.5 ஓவர் வீசி 16 விக்கெட், பத்து விக்கெட்டால் வெற்றி. அந்த ஓவர் எண்ணிக்கையைப் பார்த்தால் ரணதுங்க முரளியைக் காப்பாற்றினார் என்று சொல்வது கடினந்தான். ஆனால் அவர் முதலில் யோசித்தது முரளி எப்போது உட்காருவார் என்பதை. அப்படி யோசித்த தலைவர்கள் நம்மிடையே அதிகமில்லை. நானும் ஒரு காலத்தில் தலைவனாக இருந்தவன், அப்படி யோசிக்கவில்லை.

அதை இங்கே எழுதத்தான் வேண்டும். 1973. சீனியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினி தலைகாட்டத் தொடங்கிய வருடம். துரை ஒரு வெள்ளிக் கிண்ணம் வைத்துச் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குள் கடினபந்துப் போட்டி நடத்தினார். முப்பது ஓவர் ஆட்டம். ஒருவர் இத்தனை ஓவர்தான் என்ற வரையறை கிடையாது. சனிக்கிழமை அரையிறுதியில் என் நண்பன் ஒரு முனையை முழுவதுமாக வீசினான், பதினைந்து ஓவர். ஞாயிறு இறுதியிலும் அவனிடமே பந்தைக் கொடுத்தேன். பத்தாவது ஓவர் முடிந்தபோது தோளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்துக் களத்தடுப்பாளரை நகர்த்தினேன். அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மீதி ஐந்தையும் வீசினான். கிண்ணம் எங்களுக்கு வந்தது. மைதானத்திலிருந்து லயம் வரை தப்படித்துக்கொண்டு போனோம்.

அந்த வலக்கை அதற்குப் பிறகு தோளுக்கு மேலே எழவில்லை. பால் வெட்டுகிறவனுக்குத் தோள் என்றால் என்னவென்று பலருக்குத் தெரியாது. கீழ்ப் பட்டை தீர்ந்து மேல்பட்டை வெட்டும் மரங்களில் இரு கையையும் உயர்த்திக் கத்தியை இழுக்கவேண்டும். ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. அவனுக்கு அந்த மலைகள் கொடுக்கப்படவில்லை. பல நாட்கள் அரைப் பேர்தான் விழுந்தது. அதாவது பாதிச் சம்பளம்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்புவதற்கென்று எண்ணப்பட்ட 5,25,000 பேரில் அவன் குடும்பமும் ஒன்று. 1977இல் தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறினார்கள். கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளில் அரசு இறப்பர்த் தோட்டங்களில் நம்மவர்களைக் குடியமர்த்தியிருந்தார்கள். கேகாலையில் வெட்டிய மரத்தையே அங்கேயும் வெட்டினார்கள். தொண்ணூறுகளில் ஒரு செய்திப் பயணத்தின்போது தேடிப் போய் அவனைப் பார்த்தேன். அவன் சிரட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். மனைவிதான் வெட்டுக்குப் போவார் என்றான். தோளைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. விடைபெறும்போது, "அந்தக் கிண்ணம் இன்னும் இருக்காடா?" என்று மட்டும் கேட்டான். இருக்கிறது என்றேன். 1983க்குப் பிறகு அது எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது.

இந்தக் கதையைப் பேரனுக்கு இதுவரை நான் சொன்னதில்லை. சொன்னபோது அவன் அப்பாவும், அதாவது என் மருமகனும், திண்ணையில் வந்து அமர்ந்திருந்தார். அவர் கங்காணி. "ஒருநாள் வெட்டினா மறுநாள் விடணும் மாமா. அதுதானே முறை. நாளும் வெட்டினா ரெண்டு மாசம் பால் கொட்டும், பிறகு பட்டை காஞ்சு நின்னுடும்" என்றார். சற்று நேரம் கழித்து அவரே, "ஆனா மரத்துக்குத்தான் ஒருநாள் விட்டு ஒருநாள். வெட்டுறவன் அடுத்த நாள் அடுத்த மலைக்குப் போயிடுவானே" என்றார். நான் நீட்டி முழக்கிக்கொண்டிருந்த ஒப்புமை அந்த இடத்தில் உடைந்தது. யமமோட்டோவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு 32 கோடியே 50 இலட்சம் டொலர் ஒப்பந்தம். எங்கள் பையனுக்கு ஒருநாள் கை எழாவிட்டால் அன்றையப் பேர் இல்லை. 2024இல் அந்தப் பேர் 1,350 ரூபாவாகியபோதே அது பெரிய வெற்றியாகப் பேசப்பட்டது.

பேரன் விடவில்லை. "அவனை உக்கார வெச்சுத் தோத்தா, ஊர் என்னைத்தானே திட்டும்?" என்றான். ஆமாம், திட்டும். ஜப்பானிலும் திட்டினார்கள். 2019 ஜூலையில் இவாத்தே மாகாணப் பாடசாலை இறுதிப் போட்டியில், மணிக்கு 163 கிலோமீற்றர் வேகத்தில் எறியக்கூடிய ரோக்கி சசாக்கி என்ற பதினேழு வயது மாணவனை ஒஃபுனாத்தோ பாடசாலைப் பயிற்றுநர் களமிறக்கவேயில்லை. சில நாட்களுக்கு முன் ஒரே ஆட்டத்தில் 194 பந்தும், முதல்நாள் அரையிறுதியில் 129 பந்தும் எறிந்திருந்தான். வென்றிருந்தால் 35 ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பாடசாலை கோஷியன் என்ற தேசியப் போட்டிக்குப் போயிருக்கும். 12க்கு 2 என்று தோற்றது. பாடசாலைத் தொலைபேசி ஓயாமல் வசைபாடியது. 2020இல் அங்கே மாணவர்களுக்கு வாரத்துக்கு 500 பந்து என்ற எல்லையைக் கொண்டுவந்தார்கள். 2022 ஏப்ரலில் சசாக்கி எதிரணியில் ஒருவரையும் முதல் தளத்துக்கே போகவிடாமல் ஓர் ஆட்டத்தை முழுமையாக எறிந்து முடித்தார். அப்படியிருந்தும் 2025இல் தோள் நோவால் பல மாதங்கள் ஆடமுடியாமல் இருந்தார் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஓய்வு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

விளக்கு வைத்த பிறகு மூவருமாக உட்கார்ந்து கொப்பியைத் திருத்தினோம். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு என்றார் மருமகன். அது நடக்காது என்றான் பேரன். கடைசியில் இப்படி முடிந்தது: எந்த ஞாயிறும் முதல் ஆட்டத்தில் அவன் வீசமாட்டான், களத்தடுப்பில் மட்டும் நிற்பான். ஒரு நாளில் இரண்டு ஆட்டத்துக்கு மேல் பந்து இல்லை. இறுதிப் போட்டியில் வீசினால் அடுத்த ஞாயிறு விடுப்பு. முதல் ஆட்டங்களுக்கு முச்சக்கரவண்டி ஓட்டும் இடக்கைக்காரன் ஒருவன், உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் ஒரு சுழல் பந்துக்காரன், மெதுவாக வீசினாலும் இலக்குத் தவறாத இருவர். புறக்கோட்டைத் துணிக்கடையில் வேலை செய்யும் இன்னொருவன் புத்தாண்டுக்குத்தான் வருவான். அவனைக் கடைசி இரண்டு ஞாயிறுகளில் போட்டோம். பந்துகளை எண்ணும் பொறுப்பு பேரனின் தங்கைக்கு. அகலப் பந்தும் எண்ணப்படும், சூடேற்றும் பந்தும் எண்ணப்படும்.

மறுநாள் காலை பத்து மணியளவில், பால் வாளியோடு ஸ்டோருக்குப் போகும் வழியில் அந்தப் பையனே வந்தான். செய்தி அதற்குள் லயம் முழுக்கப் பரவியிருந்தது. வாளிகளை இறக்கி வைத்தான், என்னைப் பார்த்தான்.

"முதல் மேட்ச்சுல என்னைப் போடக் கூடாதுன்னு சொன்னீங்களாமே தாத்தா. நான் என்ன தப்பு பண்ணேன்?"

ஒன்றும் பண்ணவில்லை என்றேன். வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டச் சொன்னேன். தூக்கினான். காதருகே வந்ததும் ஒரு கணம் நின்று, பிறகு மேலே போயிற்று. பேரனும் அதைப் பார்த்தான். கொப்பியில் அவன் பெயரைப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறான். முதல் ஆட்டம் மாசி முதல் ஞாயிறு, தெரணியகலையில்.