நூற்களவும் களவே

1976-இல் மைதானத்தில் தொடங்கிய கொல்கத்தா புத்தகக் காட்சி, 2018 முதல் சால்ட் லேக்கில் நடைபெற்று வருகிறது. இந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அது குளிர்காலத் திருவிழாவே. நூலைக் களவாடுபவனைத் திருடன் எனக் கருதாது, அறிவுப் பசியுடையவன் என நகைத்து மன்னிக்கும் மனப்பான்மை படித்தவர்களிடையே உண்டு.

கடைக்காரரின் கணக்கையும் சற்று எண்ணிப் பார்ப்போம். 200 ரூபாய் நூலை 10 விழுக்காடு கழிவு தந்து 180 ரூபாய்க்கு அவர் விற்கிறார். அடக்கவிலை 160 ரூபாய் எனக் கொள்வோம். ஒரு படி களவு போனால், அந்நட்டத்தை ஈடுசெய்யவே எட்டுப் படிகள் விற்றாக வேண்டும். பெரிய பதிப்பகத்தார் வாயிலில் ரசீதைச் சரிபார்க்க ஆள் நிறுத்துவர். சிற்றிதழ் மேசையிலோ ஆசிரியரே விற்பனையாளர், அவரே காவலர். அவர் தேநீர் அருந்த எழுந்தாலும் மேசை காவலற்றுப் போகும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு, 5,000 ரூபாய்க்குக் குறைந்த களவில் முதன்முறை தண்டனை பெறுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால் சமூக சேவையே தண்டனை என்கிறது. களவைக் களவென்று கூறிய பின்னரே சட்டம் கருணை காட்டுகிறது. நம் நகைப்போ அவ்வாறு கூறவும் மறுக்கிறது. கள்ளாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் நூலுக்கு விலக்களித்தாரில்லை.

ஆகவே, புத்தகக் காட்சிக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் கையில் காசு கொடுப்போம். அதனுடன் இக்கணக்கையும் சொல்லியனுப்புவோம். காவலர் இல்லாத மேசைக்கு அதனினும் சிறந்த காவல் வேறில்லை.